பின்னாலை ஆர் நிக்கினம்?

மாடு பயிரை மேய்ந்துவிட்டது என்று முறையிடப் போன என்னிடம், அந்த மாட்டுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்ட மனிதர் அவர். மாடு அவருடையதுதான். அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, வாயில் என் பயிரோடு, அவருடைய வேலிக்குள்ளேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, கோவப்படாதையும். மாடு தானா வராது. ஆரோ கயித்தை அறுத்து விட்டிருக்கினம். உம்மையும் என்னையும் கொளுவி விட்டால் ஆருக்கு லாபம் எண்டு ஒருக்கா யோசியும்."

நான் சண்டை பிடிக்கவென்றே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனவன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பும்போது, எட்டாம் வாய்க்காலில் யார் யாருக்கு எங்கள் மேல் எரிச்சல் என்று யோசித்தபடி திரும்பினேன். வீட்டில் மனைவி கேட்டு விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் மேல் எனக்கு வந்த முதல் ஆத்திரம் அது. கடைசி ஆத்திரத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

உருத்திரபுரம் குடியேற்றத்தில், எட்டாம் வாய்க்கால் கரையில், எங்களுக்கு ஆளுக்கு மூன்று ஏக்கர் வயல் கிடைத்திருந்தது. நான் தீவுப் பக்கத்திலிருந்து வந்தவன். அவர் திருகோணமலையிலிருந்து வந்தவர். வெள்ளைக்காரனுடைய கடற்படைத் தளத்தில், டொக்யாட்டில், எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது இவருடைய வேலையும் போனது. அதனால் எல்லோருக்கும் அவர் டொக்யாட் அண்ணை.

மெலிந்து நெடுத்த உடம்பு. காக்கி அரைக் காற்சட்டை. எங்கே இருந்தாலும் முதுகுக்கு ஒரு சுவர் வேண்டும். கடையில் வாங்கு காலியாகக் கிடந்தாலும் மூலைக்குள் போய் நிற்பார். வயலில் சுவருக்கு எங்கே போவது? அங்கே ஒரு பாலைமரம் நின்றது. களைத்தால் அதில் முதுகை வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார். வரம்பில் குந்தியிருக்கும்போது பின்பக்கமாக யாராவது போனால், திரும்பிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

"பின்னாலை ஆர் நிக்கினம்?" இதுதான் அவருடைய மந்திரம். ஊரில் யாராவது பெண் கேட்டு வந்தாலும் இதைத்தான் கேட்பார், சங்கத்தில் தலைவர் தெரிவு நடந்தாலும் இதைத்தான் கேட்பார். வானத்தில் பிளேன் இரைந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "உது ஆற்றை? தனியவோ, பின்னாலை இன்னொண்டு வருதோ?" பிளேன் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பக்கத்தில் வேலை செய்கிற எங்களுக்கும் கை ஓடாது. வெறும் வானத்தை எல்லோருமாகப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அவர் வீட்டு விறாந்தைச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் ஒரு சமுத்திரம் கீறி வைத்திருந்தார். ஒரு பக்கம் ஏடன், மறுபக்கம் சிங்கப்பூர், நடுவில் மாங்காய் மாதிரி இலங்கை. கப்பல்கள் எல்லாம் புளியங்கொட்டைகள். வறுத்த கொட்டை ரஷ்யன், வறுக்காதது அமெரிக்கன், உடைத்த பாதி வெள்ளைக்காரன். மாலையில் கிளிநொச்சியிலிருந்து பேப்பர் வந்ததும் வாசித்து வாசித்துக் கொட்டைகளை நகர்த்துவார். காலையில் அக்கா, அவருடைய மனைவி, விளக்குமாற்றோடு வந்து வல்லரசுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டி அள்ளிப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடிவிடுவார். மாலையில் மனிதர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அந்த ரின்னுக்கு ஒரு கதை உண்டு. கொடி இறக்கிய நாளன்று இவர் தன்னுடைய துரையிடம் போய், "நீங்கள் போறியள். அடுத்தது ஆர் வாறது?" என்று கேட்டாராம். துரை சிரித்துவிட்டுத் தோளில் தட்டி, ஒரு பிஸ்கற் ரின்னைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான். "மறுமொழி சொல்லேல்லை தம்பி. சொல்லாமல் சிரிச்சவன். அப்ப அவனுக்குத் தெரியும்." பிஸ்கற்றை அக்கா ஒரு கிழமையில் முடித்துவிட்டார். கேள்வி மட்டும் ரின்னுக்குள் கிடந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். குள்ளமான மனிசி. அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் வயல் வேலையில் எங்களில் பாதிப்பேரை விற்றுவிட்டு வருவார். வயலைப் பற்றி அவர்கள் வீட்டில் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். அந்த நாளில் சங்கக்கடையில் கிடைத்த அரிசி சீனாவிலிருந்து வந்தது, கோதுமை மா அமெரிக்காவிலிருந்து. நாங்கள் அரிசி என்றும் மா என்றும் வாங்கினோம். டொக்யாட் அண்ணைக்கு அது இரண்டு பகையாளிகள் ஒரே தட்டில் வந்து இருந்தமாதிரி.

"இஞ்சேரும், ரெண்டையும் ஒரு சட்டிக்குள்ளை போடாதையும். ஏன் தாறாங்கள் எண்டு தெரியாமல் தின்னக்கூடாது."

"புட்டுக்கு ரெண்டு மாவும் கலக்கவேணும். இல்லாட்டி நீங்களே வந்து குழைச்சுப் பாருங்கோ."

மனிதர் குழைக்கவில்லை. புட்டைத் தின்றார், யோசனையோடு தின்றார்.

சிரிக்க மட்டும் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். சிரிப்போடு சேர்ந்து ஒரு குடைச்சலும் எனக்கு இருந்தது. ஒருமுறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் போனோம். அம்மனுக்கு எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீர் ஊற்றி விளக்கெரிப்பார்கள்; அந்த நீர் அள்ளுகிற சடங்குக்காகச் சனம் முழுக்கக் கடற்கரையில் கைகூப்பி நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இவர் ஒரு தென்னைமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடலும் வானமும் தொடுகிற விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு புகைக்கோடு தெரிந்தது. "உது வியாபாரக் கப்பல் இல்லை தம்பி," என்று என் காதுக்குள் சொன்னார். அதற்குப் பிறகு என்னால் கும்பிட முடியவில்லை. அம்மனுக்கு முன்னால் நின்றும் அந்தப் புகைதான் கண்ணுக்குள் நின்றது.

அவர் இப்படி ஆனதற்குக் காரணத்தை ஒருநாள் தானாகச் சொன்னார். யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது இவர் தாங்கிகளுக்குப் பக்கத்தில் காவல். முதல்நாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து, ஒன்றும் வராது, நிம்மதியாக வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். விடிய வந்தது. இவரோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்த கூட்டாளியின் செருப்பு ஒன்றுதான் கிடைத்தது. "சிரிச்சுக்கொண்டு சொன்னவன் தம்பி," என்றார். யார் சிரித்துக்கொண்டு நல்லது சொன்னாலும் அவருக்கு அந்தச் செருப்புத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாடு விட்டுச் சூடு மிதித்து நெல் பிரிக்கிற எங்கள் களத்துக்கு முதன்முதல் வந்த அன்று மட்டும் அவர் எங்களை மெச்சினார். களத்துக்கென்று ஒரு பேச்சு உண்டு. நெல்லை நெல் என்று சொல்லமாட்டோம், பொலி என்போம். அளக்கிறவன் ஒன்று என்று தொடங்கமாட்டான், லாபம் என்று தொடங்குவான். எல்லாவற்றிலும் முக்கியம், களத்துக்குள் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. குடத்தில் தண்ணீர் தீர்ந்தால் 'தண்ணி நிறைஞ்சு போச்சு' என்று சொல்லவேண்டும். இல்லை என்று சொன்னால் பூதம் கேட்டுக்கொண்டு நின்று, சொன்னபடியே இல்லாமல் ஆக்கிவிடும் என்பது நம்பிக்கை. பெண்கள் களத்துக்குள் வரமாட்டார்கள், வரம்பில் நின்று சாப்பாடு தருவார்கள்.

அவருக்குக் கண் மின்னியது. "டொக்யாட்டிலையும் இப்பிடி ரகசியப் பாசை இருந்தது. சத்துராதி கேட்டாலும் விளங்காது. கெட்டிக்காரர்தான் நீங்கள்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரி, அந்தப் பூதத்துக்குப் பின்னாலை ஆர்?" என்றார்.

களம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. கியூபாவை நடுவில் வைத்து அமெரிக்கனும் ரஷ்யனும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அதே நாட்களில் இமயமலைப் பக்கம் சீனாவும் இந்தியாவும் சுடுபட்டன. எங்களுக்கு அது விதைப்புக் காலம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. டொக்யாட் அண்ணை மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. விறாந்தையில் கொட்டைகள் குவிந்துகிடந்தன.

"இந்தமுறை தப்பேலாது தம்பி. அங்கை தொடங்கினால் இஞ்சை முதல் அடி திருகோணமலைக்குத்தான். அந்தத் துறைமுகம் இல்லாமல் இந்தச் சமுத்திரத்தை ஒருத்தனும் பிடிக்கேலாது. கப்பல் வராது, சங்கக்கடை பூட்டு. வயலுக்கை எறியிற நெல்லு நாலு மாசத்துக்குப் பிறகு ஆற்றையோ? வீட்டுக்குள்ளை இருக்கிற அரிசிதான் அரிசி. நான் விதைநெல்லை அவிக்கப்போறன். நீரும் அவியும்."

விதைநெல்லை அவிப்பதா! அவித்த நெல் முளைக்காது. இதைக் கேட்டு நான் அவரைத் திட்டினேன் என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், நான் வீட்டுக்கு வந்து என் விதைநெல்லை மூன்று நாள் ஊறப்போடாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கும் விசரோ?" என்று மனைவி கத்திய பிறகுதான் சாக்கை அவிழ்த்தேன். மாரிமழைக் காலபோகத்தில் விதைக்காமல் விட்ட காணியைப் பறித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் காணிப் பத்திரத்தில் எழுதியிருந்தது. அவருக்கும் அது தெரியும். உலகமே போகப்போகிறது, காணி எதற்கு என்றார்.

அவர் றேடியோச் செய்தி கேட்கக் கிளிநொச்சிக்குப் போன ஒரு பகல். அக்கா எங்கள் வேலிப் படலைக்கு வந்தார். கையெல்லாம் கரி.

"தம்பி, வண்டியிலை மாட்டைப் பூட்டுங்கோ. நாலு மூட்டை விதைநெல்லு. ரெண்டை அவிச்சுப்போட்டன், அவர் பக்கத்திலை நிண்டு பார்த்தவர். மற்ற ரெண்டையும் இப்ப உங்கட வீட்டிலை கொண்டுவந்து வையுங்கோ. வைக்கலாலை மூடிக் கொண்டுபோங்கோ."

"அவர் வந்து கேட்டால்?"

"நாலும் அவிச்சாச்சு எண்டுவன். சாப்பாட்டு நெல்லிலையும் கொஞ்சம் சேர்த்து அவிச்சிருக்கிறன். அவிச்ச நெல்லுப் பாயிலை பரவிக் கிடந்தால் அவருக்கு ரெண்டும் தெரியாது நாலும் தெரியாது. கப்பல் எண்டால்தான் எண்ணுவார்."

வண்டியில் மூட்டையை ஏற்றும்போது நான் கேட்டேன். "பிறகாவது நீங்கள் செய்தது எண்டு சொல்லலாமோ அக்கா?"

"வேண்டாம். செத்தாலும் சொல்லக்கூடாது. வெளியிலை எல்லாம் எதிரி எண்டுதான் அந்த மனுசன் திரியுது. வீட்டுக்குள்ளையும் எண்டால் பிறகு எங்கை போய்ப் படுக்கும்?"

நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன என்று சில நாளில் செய்தி வந்தது. மழையும் அதே கிழமை வந்தது. எட்டாம் வாய்க்காலில் எல்லா வயலும் விதைத்தாகிவிட்டது, அவருடையது மட்டும் உழுத சேறாகக் கிடந்தது. காணிக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் சைக்கிளில் வந்து, அதன் முன்னால் இறங்கி நின்று, கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அன்று டொக்யாட் அண்ணை பாலைமரத்தடியில் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். விதைக்க நெல் இல்லை. ஊரில் யாரிடமும் மிச்சம் இல்லை. காணி கைவிட்டுப் போகப்போகிறது என்பது உலகயுத்தத்தைவிடக் கிட்ட வந்து நின்றது.

மறுநாள் காலையில் அந்த இரண்டு மூட்டையையும் அவர் வாசலில் இறக்கினேன்.

"என்னட்டை மிஞ்சினது அண்ணை. விதையுங்கோ."

அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வெறும் ஒழுங்கையையும் பார்த்தார். "உமக்குப் பின்னாலை ஆர் நிக்கினம்?"

குசினி வாசலில் நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விதைக்கப்போறியளோ இல்லையோ?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். விதைத்தார். ஐதாகத்தான் விதைத்தார், ஆனால் விளைந்தது. காணி தப்பியது.

காணி தப்பிய நாளிலிருந்து அவர் என்னை விட்டு விலகினார். உதவி செய்தவனை விடப் பயப்படவேண்டிய ஆள் உலகத்தில் கிடையாது என்பது அவருடைய கொள்கை. முன்பு மாடு மேய்ந்தாலும் என்னைக் கூட்டாளியாக நினைத்தவர், இப்போது நான் வெற்றிலை நீட்டினால் வாங்கமாட்டார். நான் வாய்க்கால் துப்புரவுக்குக் கூப்பிட்டால், வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கத்து ஆட்கள் கூப்பிட்டால்தான் வருவேன் என்பார். அவர்கள் கூப்பிட்டால், தான் எந்தப் பக்கமும் இல்லை, நடுநிலைமை என்பார். ஒரு வருடத்துக்கு மேல் இதைப் பொறுத்தேன். உண்மையைச் சொல்லமுடியாமல் பொறுப்பது பல்லுக்குள் கல்லை வைத்துக்கொண்டு சோறு தின்கிறமாதிரி.

அடுத்த வருடக் காலபோகத்துச் சூடுமிதிப்பு. அவருடைய களம். பிணக்கு இருந்தாலும் வேலைக்கு வேலை கைமாறாக எல்லோரும் எல்லோருடைய களத்துக்கும் போகத்தான் வேண்டும். மத்தியானம் வரம்பில் அக்கா ஓலைக் கடகத்தில் சாப்பாட்டோடு வந்து நின்றார். டொக்யாட் அண்ணை வைக்கல் கும்பியில் முதுகை வைத்து இருந்தார். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற துருசு பழுது, திருத்தித் தரச்சொல்லி மேலிடத்துக்கு ஒரு மனு எழுதியிருந்தோம். எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். நான் அதை அவரிடம் நீட்டினேன்.

அவர் கடதாசியைத் தொடவில்லை. எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னார். "பாத்தியளே? நான் சொன்னனான். ரெண்டு மூட்டை விதைநெல்லு சும்மா வராது எண்டு. இண்டைக்குக் கையெழுத்து. நாளைக்குக் காணி. இந்தப் பொடியனுக்குப் பின்னாலை ஆர் நிக்கினம் எண்டு இண்டைக்கு எனக்குத் தெரியவேணும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சத்தியமும் மறந்தது, களமும் மறந்தது.

"உங்கட மனிசி! அந்த நெல்லு உங்கட நெல்லு. நீங்கள் அவிக்கச் சொன்ன நெல்லு. அக்காதான் எடுத்து ஒளிச்சு வைச்சவ!"

அவர் மெல்ல எழுந்தார். முகத்தில் கோபம் இருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அதில் இருந்தது பயம். வரம்பில் நின்ற அக்காவைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"அவவுக்குப் பின்னாலை ஆர் நிண்டது?"

அந்தக் குள்ள மனிசி கடகத்தை இறக்கி வைக்கவும் தோன்றாமல் நின்றார். பின்னால் வெட்டிய வயல், அதற்கப்பால் வெறும் வெயில். களத்தில் சொல்லக்கூடாத சொல் என்பது எனக்குத் தெரியும். வேறு சொல் கிடைக்கவில்லை.

"ஒருத்தரும் இல்லை அண்ணை," என்றேன்.

அளந்துகொண்டிருந்த கிழவன் தலையில் கைவைத்தான். இரண்டு பேர் என்னை அடிக்க எழும்பினார்கள். அவர் கையை நீட்டி அவர்களை மறித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் களத்தை விட்டு இறங்கி, வரம்பால் வீட்டுப் பக்கம் நடந்தார். அக்கா கடகத்தை வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போனார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதருக்குப் படுக்க இருந்த ஒரு இடத்தையும் நான் பறித்துவிட்டேன் என்றுதான் பட்டது. மூன்றாம் நாள் காலை அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

படலை திறந்திருந்தது. அண்ணை விறாந்தைத் தரையில் இருந்தார். சுவரோடு அல்ல, நடுத் தரையில், சமுத்திரத்துக்கு முன்னால். முதுகு வாசலுக்கும் குசினிக்கும் திறந்து கிடந்தது. காக்கிச் சட்டைக்குள் அந்த முதுகெலும்பை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். குனிந்து கொட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு அடி எடுத்துவைக்கவும் தைரியம் வரவில்லை. அப்போது குசினிக்குள்ளிருந்து அக்கா விளக்குமாற்றோடு வந்தார். நான் நிற்பதைக் கண்டும் நேரே அவர் இருந்த பக்கம் போனார்.

காலடிச் சத்தம் கேட்டு அவர் கை நின்றது. தோள் இறுகியது.

"பின்னாலை ஆர்?"

"நான்தான். காலைத் தூக்குங்கோ, கூட்டவேணும்."

அவர் காலைத் தூக்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.